பழைய கோயில் மண்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குச்சாமி அறிவிப்பு வாசித்தபோது, கும்பிட்ட கையை அக்கா பிரிக்கவே இல்லை என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். பழைய கோயிலின் மேற்குச் சுவர் ஐப்பசி மழையில் விழுந்துவிட்டது. மிச்சமும் விழும், ஆளைக் கொல்லும், இடித்துவிடுங்கள் என்று பஞ்சாயத்தில் சொல்லியாகிவிட்டது. இடித்துச் சமன் செய்யும்போது சுற்றியுள்ள கல்லறைகளையும் எடுத்துவிடுவதாகக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. தங்கள் வீட்டுக் கல்லறை இன்னதென்று காட்டுகிறவர்கள் எலும்பை எடுத்துப் புதிய கோயிலின் அடுக்குக் கல்லறைக்கு மாற்றிக்கொள்ளலாம். காட்ட முடியாதவை மொத்தமாக அஸ்திக்குழிக்குப் போகும். மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் வண்டி கிடைக்காது, அதற்குள் முடித்தாக வேண்டும். இவ்வளவுதான். அதே மூச்சில் ஞானோபதேச வகுப்பு நேரம் மாறியதையும் வாசித்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அன்று மத்தியானம் அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் பொள்ளாச்சியில் இருக்கிறேன், அக்கா கேரளத்துப் பக்கம். நடுவில் கோபாலபுரம் செக்போஸ்ட். இந்தப் பக்கம் ஒரு சர்க்கார், அந்தப் பக்கம் ஒரு சர்க்கார், இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே புழுதி.

"டேய், நாளைக்கு வண்டி எடுத்துட்டு வர்றியா?"

"என்னாச்சுக்கா?"

"பாப்பாவைக் கூட்டியாரோணும்."

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் போய் நிற்கச் சொல்வது போல அவள் சொன்னாள். பாப்பா அக்காவின் மகள், செத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. வருகிறேன் என்றேன்.

பழைய கோயிலின் வயது யாருக்கும் தெரியாது. எப்போதோ காமிராவோடு சிலர் வந்தார்கள், சுவரைத் தட்டினார்கள், சுண்ணாம்பைக் கிள்ளி முகர்ந்தார்கள், நெம்பப் பழசு என்றார்கள், போனார்கள். அது எங்களுக்கே தெரியும். கணவாய் வழியாக மேற்கே நடந்து வந்த சனம் கட்டியது. தறி வைத்திருந்தவர்கள், ஏர் பிடித்தவர்கள், எருமை ஓட்டியவர்கள். எந்தப் பஞ்சத்துக்குத் தப்பினார்கள், எந்தப் படைக்குப் பயந்தார்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. ஒன்றோடு ஒன்று ஒட்டாது. முதலில் பனையோலைக் கொட்டகை. அப்புறம் செம்பாறைக் கல்லும், கடுக்காயும் கருப்பட்டியும் கலந்து அரைத்த சுண்ணாம்பும். ஆள் உள்ளே படுத்துறங்கலாம், அவ்வளவு கனம் சுவர். நடுக்கூடத்துத் தரையில் பலகைக் கற்கள் பதித்திருந்தன, அவற்றின் கீழே முதல் காலத்துச் சாமிமார்களும் ஊர்ப் பெரியதனக்காரர்களும். ஒரு கல்லில் சிலுவை, சிலுவைக்கு அடியில் கலப்பை. ஆடு மேய்க்கிறவர்கள் அதில் அரிவாளைத் தீட்டித் தீட்டிக் கலப்பை பாதி தேய்ந்திருந்தது. இன்னொன்றில் எழுத்து இருந்தது. தமிழ் போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். மழை பெய்து ஓய்ந்ததும் அந்த எழுத்துக்குள் தண்ணீர் நிற்கும், வானம் தெரியும்.

கோயிலைக் கொன்றது காற்றில்லை, மழையில்லை. பஸ். ரோடு வாய்க்காலுக்கு அக்கட்டால் போட்டார்கள், சனம் ரோட்டோரம் போயிற்று, கோயிலும் பின்னாலேயே போயிற்று. புதிய கோயிலுக்கென்று ஓட்டைப் பிரித்தார்கள், உத்தரத்தை இறக்கினார்கள், மணியை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். கூரை போன சுவர் எவ்வளவு நாள் நிற்கும்? பிறகு ஊரே கல்லெடுத்தது. எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுக் கடைக்காலில் கோயில் கல் கிடக்கிறது. பாவமில்லையா என்று கேட்டால், "சாமியே புது ஊடு பாத்துட்டுப் போயிட்டாருங்க, காலி ஊட்டுல நாம ரெண்டு கல்லு எடுத்தா என்னங்க" என்பார்கள்.

செத்தவர்களை மட்டும் ரோட்டோரம் கொண்டுபோக முடியவில்லை. புதிய கோயிலில் கல்லறை வைக்கக் கலெக்டர் அனுமதி வேண்டும். அது வருவதற்குள் ஒரு தலைமுறை செத்துவிடும். செத்தது. அதனால் பூசை அங்கே, புதைப்பது இங்கே என்று ஆயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் பாலம் தாண்டி, மாந்தோப்பு வரப்பில் ஒருவர் பின் ஒருவராய் நடந்து, கூரையில்லாத அந்தச் சுவர்களிடம் வருவோம். சின்ன நிலம். எத்தனையோ நூறு வருஷச் சாவு அதற்குள் இறங்கியிருக்கிறது. ஒருவர் மேல் ஒருவர்தான். குழி வெட்டும்போது பழைய எலும்பு வந்தால் ஓரமாகத் தள்ளி, புதிய பெட்டி இறக்கி, அந்த எலும்பையும் சேர்த்து மூடிவிடுவார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை.

கல் வைக்க வசதியுள்ளவர்கள் கல் வைத்தார்கள். நாங்கள் கிளுவை வைத்தோம். வறண்ட காட்டில் வேலி என்றால் கிளுவைதான். கொம்பை ஒடித்து நட்டால் போதும், தண்ணீர் கேட்காது. காய்ந்த மரத்தில் சிலுவை செய்து நட்டால் கரையான் விடாது, முப்பதாம் நாள் பூசைக்குள் தின்றுவிடும். பச்சைக் கிளுவையைக் கரையான் தொடுவதில்லை. ஆகவே வேலியில் கை தடிமனுக்குப் பச்சைக் கொம்பு ஒன்று வெட்டி, குறுக்கே ஒரு குச்சியைப் பனைநாரால் கட்டி, தலைமாட்டில் நடுவது எங்கள் வழக்கம். ஒரு மழை போதும், நட்ட கொம்பு தழைத்துவிடும். குறுக்குக் குச்சி காய்ந்து விழும், நார் இற்றுப்போகும், கொம்பு மரமாகும். பிள்ளை மேலே போய்ச் சேர்ந்துவிட்டதற்கு அது அடையாளம் என்று பொம்பளைகள் சொல்லிக்கொள்வார்கள். துளிர்த்ததா, துளிர்த்ததா என்று போய்ப் பார்ப்பார்கள். துளிர்க்காத கல்லறைக்குத் தனியாகச் செபமாலை சொல்வார்கள்.

கரையானுக்குப் பயந்த புத்தி அதற்கு அடுத்ததை யோசிக்கவில்லை. சிலுவைகள் மரமாயின, மரம் தோப்பாயிற்று. பத்து வருஷம் கழித்து யாராவது செத்தால், சிலுவைக்குக் கொம்பை அந்தத் தோப்பிலேயே, கைக்கெட்டும் கல்லறையிலிருந்தே வெட்டினோம். வேலியும் கிளுவை, கல்லறையும் கிளுவை. உள்ளே நின்று பார்த்தால் எது எல்லை, எது ஆள் என்று தெரியாது.

பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. காய்ச்சல். முதலில் கஷாயம், பிறகு ஊரில் வைத்தியம் பார்த்த கவுண்டரின் ஊசி, பிறகு பாலக்காட்டு ஆஸ்பத்திரி, பிறகு ஆம்புலன்ஸ் சத்தமில்லாமல் திரும்பி வந்தது. ஆடிக் காற்று கணவாய்க்குள் புகுந்து ஓலமிட்ட நாள். பெட்டி சின்னது, மாமாவே தோளில் வைத்துக்கொண்டார். மாமா என்றால் அக்கா வீட்டுக்காரர், தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து மாங்காய் ஏற்றிக்கொண்டிருந்தவர். பாப்பாவின் காலில் கொலுசு இருந்தது. கழட்டச் சொன்னவர்களை அக்கா பார்த்த பார்வையில் அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். புழுதி கண்ணில் அப்பியது. எல்லோரும் முந்தானையால், துண்டால் முகத்தை மூடியிருந்தோம். எங்கே இறக்கினோம்? தெற்குச் சுவரை ஒட்டி, பீடத்துப் பக்கம். அப்படித்தான் எனக்கு ஞாபகம். மாமா வேலிக்குப் போய்க் கொம்பு வெட்டி வந்து நட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி ஏற்றப் போகும்போது அவர் மட்டும் வீட்டில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவரும் போய்விட்டார். புதிய கோயிலில் அனுமதி வந்து அடுக்குக் கல்லறை கட்டியிருந்தார்கள். சிமெண்டுப் பெட்டி, கீழே ஒரு தட்டு, மேலே ஒரு தட்டு. கீழ்த்தட்டில் மாமா. மேல்தட்டு காலி. அதில் பாப்பாவை வைக்க வேண்டும். அக்காவுக்கு வேறொன்றும் வேண்டாம்.

"அந்த மனுசன் தனியாக் கெடக்குது. அதுவும் தனியாக் கெடக்குது. ரெண்டையும் சேத்து வெச்சுட்டன்னா நான் நிம்மதியாச் சாவேன்."

"அதையே சொல்லிட்டிருக்காதக்கா."

"பின்ன வேற எதைச் சொல்றது? உனக்குக் கத எழுதத் தெரியும். எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்."

மறுநாள் நாங்கள் போனபோது நல்ல வெயில் ஏறியிருந்தது. தைமாசத்துக் கிழக்குக் காற்று. மாம்பூ வாசம் மூக்கை அடைத்தது. விழுந்த மேற்குச் சுவர் செம்மண் மேடாகக் கிடந்தது. பீடச் சுவரில் சுரூபம் இருந்த மாடம் மட்டும் அப்படியே, உள்ளே புறாக்கள். கமிட்டியிலிருந்து கைக்காரர் ஒருவர் வந்திருந்தார். கோயில் சொத்து பார்க்கிறவரை இங்கே கைக்காரர் என்போம். கையில் சுண்ணாம்பு டப்பா. யாராவது காட்டிய மரத்தில் ஒரு கோடு இழுப்பார், குழி வெட்டுகிறவர் அங்கே கடப்பாரை போடுவார். கல் வைத்த வீட்டுக்காரர்கள் காலையிலேயே முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் நின்றது கிளுவைக்காரர்கள். அவர்கள் மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தார்கள், சந்தையில் தொலைத்த பிள்ளையைத் தேடுகிறவர்களைப் போல.

அக்கா தயங்கவில்லை. நேராகப் போய்த் தெற்குச் சுவரோரம் இடுப்பில் ஒரு கொழுக்கட்டை போல வீங்கியிருந்த மரத்தைப் பிடித்துக்கொண்டாள். அடிமரத்தைச் சுற்றி மெழுகு உருகி வழிந்து, மழையில் வெளுத்து, பாறை மாதிரி இறுகியிருந்தது.

"இதுங்க."

கைக்காரர் கோடு இழுக்கக் குனிந்தார். அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, அது எங்களதுங்க."

நாற்பத்தைந்து வயது இருக்கும். மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கிறவர்கள் போட்டுக்கொள்கிற ஆம்பளைச் சட்டை சேலைக்கு மேலே. கையில் சின்னதாக ஒரு புதுத் துணிப்பை, எலும்பு வாங்கிக்கொள்ள. அவளை எனக்குத் தெரியாது. அக்காவுக்குப் பார்த்த முகம், அவ்வளவுதான். வாய்க்காலுக்கு வடக்கே குடியிருப்பவள்.

"எது உங்குளுது?"

"இந்த மரந்தானுங்க. என்ற பையன். மூணு வயசுல பாம்பு கடிச்சுச்சு."

"அம்மிணி, உனக்கு எடம் மாறிப் போச்சு. நான் இருவது வருசமா இதுலதான் வத்தி ஏத்தறேன்."

"நானுந்தானுங்க ஏத்தறேன்."

"உன்னைய நான் ஒரு நாள் பாத்ததில்லையே."

"மண்டியில லீவு குடுக்க மாட்டாங்கக்கா. வேலை முடிஞ்சு பொழுதோடதான் வருவேன். வந்தா ஏற்கெனவே மெழுகு உருகிக் கெடக்கும். யூத்து பசங்க எல்லா மரத்துக்கும் ஏத்துவாங்களே, அதுன்னு நெனச்சுட்டேன்."

அக்காவும் அதையேதான் நினைத்திருந்தாள். காலையில் போவாள். போன வருஷத்து மெழுகு தான் ஏற்றியதைவிட அதிகமாக இருக்கும், பங்குப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். ஒரே மரம், ஒரே நாள். ஒருத்திக்குக் காலை, ஒருத்திக்குச் சாயங்காலம். ஒருத்தியின் அழுகை காய்ந்த இடத்தில் இன்னொருத்தி வந்து அழுதிருக்கிறாள்.

"ஒரு மரத்துக்கு ரெண்டு அம்மா வந்தா நான் என்னங்க பண்றது?" என்றார் கைக்காரர். "பேசித் தீத்துக்கோங்க. ஜேசிபி நாளைக்குக் காத்தால வந்துரும்."

"என்னத்தப் பேசறது? புள்ள என்ன வரப்பா, பாதி பாதி பிரிச்சுக்க?" என்றாள் அக்கா.

"வெசனப்படாதீங்க அம்மா. நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க."

குழி வெட்டுகிறவரைக் கேட்டோம். அவர் கடப்பாரையில் சாய்ந்துகொண்டு, "எனக்கென்னங்க தெரியும்? காட்டுன எடத்துல வெட்டுவேன், மூடச் சொன்னா மூடுவேன். அன்னிக்கு வெட்டுனது எங்க மாமன், அவுரும் இங்கதான் எங்கியோ படுத்திருக்காரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மண்டிக்காரியின் பையனுக்கு இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்ததாம். பாப்பாவின் காலில் கொலுசு. வெட்டினால் தெரிந்துவிடும். இதைச் சொன்னது கைக்காரர்தான், பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்ட முகத்தோடு. இரண்டு பேரும் மரத்தின் இரண்டு பக்கம் நின்றார்கள். யாரும் வெட்டு என்று சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது, அல்லது புரிந்ததாக அந்த வெயிலில் பட்டது. கீழே கொலுசு கிடைத்தால் இவள் இருபது வருஷமாக அடுத்தவள் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து மகனிடம் பேசியிருக்கிறாள். அரைஞாண் கிடைத்தால் அக்கா. பேசிய பேச்சுக்கெல்லாம் பிறகு என்ன அர்த்தம்? பேசாமல் திரும்பிப் போய்விடலாம் என்று நான் அக்காவின் தோளைத் தொட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"வெட்டுங்க."

மண்டிக்காரி தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

மேல்மண் கல்லாக இருந்தது. முழங்கால் ஆழத்துக்குப் பிறகு மிருதுவாயிற்று, கறுப்பாயிற்று. வேர் வேராக வந்தது. கிளுவை வேரை வெட்டினால் பால் போல ஒன்று கசியும், ஒரு வாசம் வரும். கடப்பாரையை வைத்துவிட்டுக் குழி வெட்டுகிறவர் கையால் தோண்டினார். பெட்டிப் பலகை ஒன்று தவிட்டுப் பொடியாக உதிர்ந்தது. அக்கா குழிக்குள் பாதி இறங்கிவிட்டாள், நான் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எலும்பு வந்தது.

அது நீளமாக இருந்தது. அவர் அதை மண் தட்டி மேலே வைத்தார். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்துப் பார்த்தால் அதற்கும் மேல். தொடை எலும்பு. வளர்ந்த ஆம்பளையுடையது. வேர் ஒன்று அதைச் சுற்றிப் பின்னிக்கொண்டு பின்னால் வந்தது. அப்புறம் இடுப்பெலும்பு, அப்புறம் தாடை, பல்லெல்லாம் தேய்ந்து. கொலுசு இல்லை. அரைஞாண் இல்லை. இன்னும் கீழே போனார். இன்னொரு ஆள், இன்னும் பழசு. அதற்கும் கீழே செம்பாறை.

யாரோ. கலப்பைக் கல் காலத்து ஆளோ, பஸ் வந்த காலத்து ஆளோ. இரண்டு பெண்கள் இருபது வருஷம் அவருக்கு வத்தி ஏற்றியிருக்கிறார்கள். யாருமில்லாத அந்த மனுஷன் எவ்வளவு வெளிச்சத்தில் படுத்திருந்திருக்கிறான்.

"அப்ப இது இல்லியா?" என்று மண்டிக்காரி கேட்டாள், யாரையும் பார்க்காமல்.

அக்கா குழியை விட்டு ஏறினாள். பக்கத்து மரத்துக்குப் போனாள், இல்லை என்று தலையாட்டினாள், அடுத்ததற்குப் போனாள். திரும்பி முதல் மரத்துக்கே வந்தாள். சுவரிலிருந்து எட்டு வைத்து நடந்து பார்த்தாள், சுவரே பாதி இல்லை. "மாமா எங்க நின்னாரு? நீ எங்க நின்ன? சொல்றா." நான் காட்டிய இடம் அவள் காட்டிய இடமில்லை. எங்களுக்கு நடுவில் ஏழெட்டு மரங்கள் நின்றன. மாமா இருந்திருந்தால் ஒரு விரலை நீட்டியிருப்பார். அவர் கோயிலோரம் சிமெண்டுப் பெட்டியில் கீழ்த்தட்டில் இருந்தார்.

இரண்டு பேருமாக அன்றைக்குப் பொழுது சாயும் வரை மரம் காட்டினார்கள். இது, இதுங்க, இதாத்தான் இருக்கும். சண்டை எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஒருத்தி காட்டினால் இன்னொருத்தி மண்ணள்ளினாள். குழி வெட்டுகிறவர் அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார், நான் மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். கை பழக்கமில்லாதது, கொப்புளம் கட்டி உடைந்தது. கிடைத்ததெல்லாம் பெரிய எலும்பு. ஒரு இடத்தில் செபமாலை மணிகள் சில. ஒரு இடத்தில் செருப்பு. சின்னதாக ஒன்றுகூட வரவில்லை. இருட்டு கட்டியதும் கைக்காரர் வந்து, போதுமுங்க, மனசைத் தேத்திக்கோங்க, எல்லாரையும் ஒட்டுக்கா அஸ்திக்குழியில வெச்சு பெரிய பூசை வைப்பமுங்க என்றார். நல்ல மனுஷன். அவருடைய நல்லதனம் எனக்கு அப்போது தாங்கவில்லை.

ஜேசிபி காலையில் வந்தது. பீடச் சுவர் ஒரு தள்ளில் போயிற்று. புறாக்கள் மாந்தோப்பு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்து உட்கார இடமில்லாமல் திரும்பித் திரும்பி வந்தன. கிளுவைகளை வாளியால் அடியோடு கவ்வித் தூக்கினார்கள். பின்னால் ஆட்கள் எலும்பு பொறுக்கிச் சாக்கில் போட்டார்கள். அக்கா ஒவ்வொரு சாக்காகப் போய் வாயைப் பிரித்துப் பார்த்தாள். யாரும் தடுக்கவில்லை. கடைசிச் சாக்கையும் பார்த்துவிட்டுக் குழி வெட்டுகிறவரிடம் போனாள்.

"சின்னது ஒண்ணையும் காணமே?"

"சின்னப் புள்ளைங்க எலும்பு இந்த மண்ணுல நிக்காதுன்னு சொல்லுவாங்கம்மா. கரைஞ்சு மண்ணாப் போயிரும். நெசமோ என்னமோ."

"அப்ப குழிக்குப் போறதுல என்ற புள்ள இல்ல."

அஸ்திக்குழிக்குப் பூசை நடந்தது, பங்குச்சாமி தீர்த்தம் தெளித்தார், பெரிய சிமெண்டு மூடி போட்டார்கள். அக்கா போகவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு, "மண்ணு எங்கடா போச்சு?" என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. டிப்பரில் ஏற்றியதைப் பார்த்தேன். எங்கே கொட்டினார்கள் என்று பின்னாலே போய்ப் பார்க்கவில்லை.

தெரிந்தது ஒரு மாசம் கழித்து. மண்டிக்காரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தாள். நானும் இருந்தேன். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தோம், கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"எங்க மண்டிக்குத்தான் வந்துச்சுங்கக்கா. லாரி நிக்கறதுக்குப் பின்னால பள்ளமா இருந்துச்சில்ல, அதை ரொப்பி ரோலர் விட்டாங்க. நான் டிரைவரைக் கேட்டேன். பழைய கோயில் மண்ணுன்னு சொன்னாரு. நல்ல மண்ணாம்."

அக்கா உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். "வண்டிய எடு" என்றாள்.

முதலமடைப் பக்கம் அது. சீசன் உச்சத்தில் இருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் பெட்டி பெட்டியாக மாங்காய், வைக்கோல், லாரிகள். டெல்லி எழுதியது, பம்பாய் எழுதியது. காய்ப்பால் வாடை தொண்டையில் எரிந்தது. மண்டிக்காரி எங்களுக்கு முன்னாலேயே பஸ்ஸில் வந்து நின்றிருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனாள். அங்கே ஒன்றுமில்லை. சமமாக, சிவப்பாக, அழுத்தி விரித்த ஒரு தரை. டயர் தடங்கள். ஒரு ஓரத்தில் அழுகின மாங்காய்க் குவியல், ஈ. நடுவில் இரண்டு லாரிகள். இன்னொரு ஓரத்தில் மிதிபட்ட ஒரு கிளுவைக் கொம்பு மண்ணோடு வந்து, புதைந்து, முனையில் பச்சை விட்டிருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டேன். அக்காவும் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் வரவில்லை. துளிர்த்தது என்று சொல்வதற்கு இனி அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

மண்டிக்காரியின் காலைப் பார்த்தேன். செருப்பில்லை. குதிகால் வெடித்து, விரலெல்லாம் கறை.

"ஏம்மா வெறுங்காலோட?" என்றேன்.

"செருப்புப் போட்டு நடக்க முடியலீங்க. மத்தவளுக கேலி பண்றாளுக, என்ன கோயிலான்னு. வெயில்ல சுடத்தான் சுடுது. என்ன பண்ணச் சொல்றீங்க? கூலிக்கு வந்தா மிதிச்சுத்தான ஆவோணும்."

"வேற மண்டிக்குப் போயிரு அம்மிணி" என்றாள் அக்கா.

"போனா இவனை யாருக்கா பாப்பாங்க?"

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு தன் செருப்பைக் கழட்டி என் வண்டியருகே வைத்தாள். ஆனால் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. ரோலர் ஓடிய தரையின் விளிம்பில், தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில், பெருவிரல் அந்தக் கோட்டைத் தொடாதபடி நின்றுகொண்டாள். எங்கே காலை வைப்பது? எந்த இடத்தில் வைத்தாலும் அது பாப்பாவாக இருக்கலாம். எந்த இடத்திலும் இல்லாமலும் இருக்கலாம். கல்லறையில் நின்று அழுதிருக்கிறாள், குழியில் இறங்கி அழுதிருக்கிறாள், இங்கே எந்தப் பக்கம் பார்த்து அழுவதென்று தெரியாமல் கண் அங்குமிங்கும் அலைந்தது. மேல்தட்டு காலியாகவே இருக்கும். மாமாவிடம் இதை யார் போய்ச் சொல்வது என்று நான் நினைத்தேன்.

லோடு ஏறிய லாரி ஒன்று உறுமியது. பின்னால் நின்று கைகாட்டிக்கொண்டிருந்த கிளீனர் எங்களைப் பார்த்துக் கத்தினான்.

"ஏனுங்கக்கா, தள்ளி நில்லுங்க. வண்டி பின்னால வருது."

அக்கா நகரவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் இழுத்த இழுப்புக்கு வந்தாள், ஆனால் முகம் லாரிப் பக்கமே இருந்தது. டயர் உருண்டு வந்தது, மண் நசுங்கும் சத்தம் கேட்டது. அவள் கிளீனரிடம் சொன்னாள், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைத் தாண்டிப் போகிறவர்களிடம் சொல்லும் குரலில்:

"மெல்ல எடுக்கச் சொல்லு சாமி. கொஞ்சம் மெல்ல."